கடல் எந்த ஸ்டேஷன் லிமிட்?

என் தம்பியைக் கொன்றவன் எங்கள் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டான். பரிமாறியது நான். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டியவனை, "சாப்பிடுடா, நீயாவது தெம்பா இரு" என்று அதட்டி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சாம்பாரையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் பக்கத்தில், ரோட்டை விட்டு உள்ளே. எங்கள் கரும்புக் கொல்லை முடிகிற இடத்தில் ஒரு வரப்பு இருக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் வாய் வலித்துவிடும். புதுச்சேரி என்றால் கடற்கரையும் வெள்ளைச் சுவரும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பிரெஞ்சுக்காரன் எங்களை எலி கடித்த துணி மாதிரி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மதகடிப்பட்டிலிருந்து பைக்கில் கிளம்பினால் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு முறை மாநிலம் மாறும். சாராயக் கடை எந்தப் பக்கமோ அது பாண்டி என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி ஓர் இடத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சட்டம் என்றால் வரப்புதான். ஆடு திருடியவன் வரப்பைத் தாண்டிவிட்டால் எங்கள் போலீஸ் நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் அடிதடி செய்தவன் இந்தப் பக்கத்து அத்தை வீட்டில் பத்து நாள் காலை நீட்டிப் படுத்திருப்பான். எனக்குக் கல்யாணமான புதிதில், வரப்பின் மேல் நின்ற வேப்பமரத்தில் ஒருவர் தூக்கு மாட்டிக்கொண்டார். மரம் அந்தப் பக்கம், கிளை இந்தப் பக்கம். இரண்டு ஸ்டேஷன்காரர்களும் வந்து, வேர் முக்கியமா கிளை முக்கியமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் இறக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் எங்கள் வாய்க்காலில் யாரோ ஓர் அநாதைப் பிணம் ஒதுங்கியபோது, எங்கள் ஆட்களே காலையில் கழியால் தள்ளி அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து இட்லி சாப்பிட்டார்கள். நானும் சிரித்தேன். யார் வீட்டுப் பிணமோ என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அந்தப் பக்கத்து முதல் கொல்லை அவனுடையது. அவனும் என் தம்பியும் ஒரே வயது. ஒரே கிணற்றில் குதித்து, ஒரே பைக்கில் சுற்றி, ஒன்றாகக் கப்பல் வேலைக்குப் படித்து, ஒரே ஏஜென்ட் மூலமாக ஒரே சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலைக்குப் போனார்கள். கப்பல் யாருடையது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. முதலாளி ஒரு நாடு, கேப்டன் ஒரு நாடு, கொடி மட்டும் ஒரு குட்டித் தீவு நாட்டுடையது. அந்தத் தீவுக்கு அந்தக் கப்பல் ஒருமுறைகூடப் போனதில்லை என்று தம்பியே போனில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

மதகடிப்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மிஷின். முதியோர் பென்ஷனுக்கு, பட்டா மாற்றத்துக்கு, காணாமல்போன ஆதாருக்கு மனு அடித்துக் கொடுப்பேன். கடையில் இருந்தபோதுதான் போன் வந்தது. அவன்தான் பேசினான்.

"அக்கா... ஏணியிலருந்து வியுந்துட்டான்க்கா. நான் பக்கத்துலதான் இருந்தன். பூட்டான்க்கா."

தேம்பித் தேம்பி அழுதான். நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

இருபத்தாறு நாள் கழித்துப் பெட்டி வந்தது. ஒரே ஊர்ப் பக்கத்துப் பையன் என்று கம்பெனி அவனையே துணைக்கு அனுப்பியிருந்தது. விமான நிலையத்திலிருந்து வீடுவரை பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தான். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். திறந்தோம். பின்மண்டையில் தையல் போட்டிருந்தது. "கீழ கம்பி இருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் அவனே சொன்னான். பால் தெளிக்கிறவரைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்தான், எங்கள் வீட்டுப் பாயில் படுத்தான். அவன் கிளம்பும்போது அம்மா அவன் கன்னத்தைத் தடவி, "நீதான்டா இனிமே எனக்குப் புள்ள" என்றாள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்தக் கப்பலில் சமையல் பார்த்த மலையாளி ஒருவர் வேலை முடிந்து ஊர் வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தார். பாதித் தமிழ், பாதி மலையாளம். "சேச்சி, அவன் வீழ்ந்நதல்ல" என்று ஆரம்பித்தார். இருவருக்கும் இரண்டு நாளாகச் சண்டை. டீ கொண்டுபோன இவர் கதவுகிட்டே நின்று பார்த்திருக்கிறார். பெரிய ஸ்பேனர். பின்னாலிருந்து ஒரு அடி. ஏணியிலிருந்து விழுந்ததாக எழுது என்று கேப்டன் சொல்ல, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவரும் போட்டிருக்கிறார். "போலீஸ் சோதிச்சால் ஞான் பறயும்" என்றார், போலீஸ் கேட்டால் சொல்வாராம். கப்பல் அன்றைக்கு நின்ற இடத்தைக்கூட ஒரு காகிதத்தில் எண்களாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்.

போனை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஸ்பேனரால அடிச்சா ஏணியிலருந்து வியுவாங்களா?" என்று கத்தினேன்.

பிரஷ் வாயிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். துப்பினான். குனிந்த தலையோடு வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் வரப்பைத் தாண்டவில்லை.

இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் குடிக்க, பெட்ரோல் போட, சினிமா பார்க்க எல்லாம் எங்கள் பக்கம்தான் வருவார்கள். இவன் மட்டும் வரவில்லை. பாட்டிலுக்கு ஆள் அனுப்பினான். விழுப்புரம் போக மதகடிப்பட்டு வழி பக்கமாக இருந்தும், எட்டு மைல் சுற்றித் தமிழ்நாட்டுக்குள்ளேயே போனான். தினமும் காலையில் தன் பக்கத்து வரப்படியில் நின்று பல் மட்டும் துலக்கினான். மண்ணில் கோடு போட்டு விளையாடுகிற பிள்ளைகளைப் போலக் கோட்டுக்கு வெளியே காலை வைக்காமல் நின்றான்.

முதலில் எங்கள் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். மனுவை நானே அடித்திருந்தேன், நாலு பக்கம். அங்கிருந்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"எங்க நடந்துச்சும்மா?"

"கடல்ல சார்."

"கடல்னா? நம்ம கரையிலருந்து பன்னெண்டு மைலுக்குள்ளயா?"

எண் எழுதின காகிதத்தைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். நீலமாக இருந்தது. பெரிதாக்கினார், இன்னும் நீலமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கரையும் தெரியவில்லை.

"கப்பல் நம்ம நாட்டுக் கப்பலா?"

"இல்ல சார்."

"நம்ம நாட்டுக் கப்பலா இருந்தா அது எங்க மிதந்தாலும் நம்ம மண்ணுதான். ஒரு வழி இருந்திருக்கும். இது அந்தக் கொடிக்காரன் மண்ணு. ஆளு இப்ப எங்க கீறான்?"

"வரப்புக்கு அந்தப் பக்கம்."

"அப்ப அங்க போயேன்மா. இங்க இன்னாத்துக்கு வந்த?"

அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். "செத்தவன் பாண்டி. நீ பாண்டி. எங்க லிமிட்ல ஒரு துளி ரத்தம் வியுந்துச்சா? பாண்டியில போய்ச் சொல்லு." மனுவின் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு ஸ்டேஷனுக்கும் நான் எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை. பந்தாடினார்கள். கொடிக்கார நாட்டுக்கு இங்கிலீஷில் மின்னஞ்சல் அடித்தேன். உங்கள் அஞ்சல் கிடைத்தது, நன்றி என்று மெஷின் பதில் போட்டது. மறுபடி அடித்தேன், மெஷின் மறுபடி நன்றி சொன்னது. உடலை இறக்கின துறைமுக நாட்டுக்காரர்கள் மட்டும் ஒழுங்காக ஒரு கடிதம் அனுப்பினார்கள். சம்பவம் எங்கள் கடலுக்கு வெளியே நடந்தது, உடல் மட்டுமே எங்களிடம் வந்தது, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். பிரெஞ்சுப் பிரஜை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க நாட்டுச் சட்டத்துல அப்பிடி இல்லம்மா. செத்தவன் பிரெஞ்சுக்காரனா இருந்தா உலகத்துல எந்த மூலையில எவன் கொன்னாலும் எங்க கோர்ட்டு எடுத்துக்கும்" என்றார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னார். அம்மா அன்று முழுக்க, "அந்தக் காயிதம் எம் புள்ளைக்கும் வாங்கி வெச்சிருக்கலாமே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். வில்லியனூரில் கேஸ் சிலிண்டருக்குப் பெயர் மாற்றவே நாங்கள் ஆறு மாதம் அலைந்தவர்கள்.

கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பொறுமையான ஆள். என் மனுவை முழுதாகப் படித்த முதல் மனிதர்.

"இவங்க ரெண்டு பேரும் சொல்றது நொண்டிச் சாக்கு" என்றார். "கொன்னவன் இந்தியப் பிரஜை. நம்மாளு வெளிநாட்டுல பண்ணாலும், நடுக்கடல்ல பண்ணாலும், நம்ம ஊர்ல பண்ண மாதிரிதான். பழைய சட்டத்துலயும் இருந்தது, புதுச் சட்டத்துலயும் இருக்குது. இந்தியாவுல அவன் எந்த இடத்துல இருக்கானோ, அந்த இடத்துல நடந்ததா வெச்சு விசாரிக்கலாம். என்ன, விசாரணை நடத்த டெல்லி அனுமதி வேணும். அது அப்புறம். மொதல்ல அந்தப் பக்கத்துக் கோர்ட்டுல ஒரு மனு போடுவோம். கேஸைப் பதியச் சொல்லி உத்தரவு வாங்கலாம். டைம் ஆகும், ஆனா நடக்கும்."

நான் அதில் ஒரே வாக்கியத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவன் எந்த இடத்தில் இருக்கிறானோ, அந்த இடத்தில் நடந்ததாகக் கணக்கு. வீட்டில் என் வீட்டுக்காரரிடமும் சித்தப்பா மகனிடமும் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவன் அந்தப் பக்கம் இருக்கிறவரை அந்தப் பக்கத்துக் கேஸ், அவர்கள் எடுக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் வந்துவிட்டால் எங்கள் ஸ்டேஷன் லிமிட். பிணத்தைக் கழியால் தள்ளிய ஊரில் இதெல்லாம் பிறவிப் பாடம்.

"உசுரோட இருக்கறவனைத்தான இஸ்துகினு வரணும்? அது இன்னா பெரிய வேலை" என்றான் சித்தப்பா மகன்.

வக்கீலிடம் கேட்டிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இதைக் கோர்ட்டில் சொல்ல மாட்டேன், இங்கே சொல்கிறேன்.

ஐந்து நாள் காத்திருந்தோம். ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும், அவன் மண்வெட்டியோடு வந்து வரப்போரத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் பொதுத் தண்ணீர், வாய்க்கால் எங்கள் பக்கமாகத்தான் திரும்புகிறது. மடையை அடைக்க வேண்டுமென்றால் குனிந்து கையை எங்கள் பக்கம் நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டினான். கரும்புக்குள் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்தார். சித்தப்பா மகன் வரப்பைத் தாண்டிப் போய் இடுப்பைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினான். சேற்றில் குப்புற விழுந்தான். நான் அவன் மண்வெட்டியை எடுத்து அந்தப் பக்கமே வீசினேன். அவர்கள் மாநிலத்துப் பொருள் நமக்கெதற்கு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

மோட்டார் கொட்டகைக்கு இழுத்துப்போய், தண்ணீர் கொட்டுகிற குழாயோடு சேர்த்துக் கட்டினோம். முதலில் அவன் கத்தியது என்ன தெரியுமா? "ஐயோ, என்னைத் தாண்ட வெச்சிட்டாங்களே!" என்றுதான் கத்தினான். கொலையைப் பற்றி இல்லை, அடியைப் பற்றி இல்லை. அவனும் எங்களைப் போலவேதான் நம்பியிருந்தான். வரப்பைத் தாண்டாதவரை தன்னை ஒன்றும் செய்ய முடியாது, தாண்டினால் தூக்கு என்று.

அடித்தோம். ஆண்கள் கையால் அடித்தார்கள். நான் கரும்புச் சோகையை முறுக்கி, முகத்தில் அடித்தேன். சோகை கிழிக்கும். கிழிக்க வேண்டும் என்றுதான் அடித்தேன். நடுவில் தண்ணீர் கேட்டான். மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் அவன் காலடியில் கொட்டிப் போயிற்று, கையைக் கட்டியிருந்ததால் குடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி செத்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போனில் வீடியோ போட்டு முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"சொல்லு. எதுக்குடா அடிச்ச?"

"டூட்டில தூங்கிட்டன்க்கா. அவன் மேல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டான். என்னைக் கப்பலைவுட்டு எறக்கிவுடறதா இருந்தாங்க. நண்பன்தான, சொல்லாம இருந்திருக்கலாம்ல... ஒரே அடிதான்க்கா அடிச்சன். சாவான்னு நெனைக்கல."

"அடிச்சிட்டு இன்னா பண்ண?"

"கேப்டனைக் கூப்டப் போனன்."

"ஒடனேவா போன?"

சித்தப்பா மகன் ஓர் அடி கொடுத்தான்.

"டீ குடிச்சிட்டுப் போனன்."

வீடியோவில் எல்லாம் தெளிவாக வந்திருந்தது, சத்தம்கூட.

எங்கள் ஸ்டேஷனுக்கு நானே போன் போட்டேன். "சார், அவன் இப்ப நம்ம லிமிட்ல கீறான். வந்து கேஸ் போடுங்க" என்றேன். அத்தனை மாதம் அசையாத ஜீப் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. முகத்தைக் கழுவி, தலையை முடிந்துகொண்டு, விருந்தாளியை எதிர்கொள்கிற மாதிரி கொட்டகை வாசலில் நின்றேன். வீடியோவைக் காட்டினேன். அதிகாரி முழுதாகப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கண்ணுக்கு மேலே சோகை கிழித்து ரத்தம் கன்னம் வரை வழிந்திருந்தது.

"கட்டை அவுருங்கடா மொதல்ல" என்றார். அப்புறம் என்னிடம், "போனைக் குடும்மா. சாட்சிப் பொருள்" என்றார். நான் முகமெல்லாம் சிரிப்பாகக் கொடுத்தேன்.

அதற்குள் அவன் அம்மா தலைவிரிகோலமாக வரப்பைத் தாண்டி ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஜீப். இரண்டு ஜீப்பும் எதிரெதிராக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வழக்கமாக இது உங்களுடையது, உங்களுடையது என்று தள்ளிவிடுகிறவர்கள். அன்று இரண்டு பேருமே எங்களுடையது என்றார்கள். "ஆளைத் தூக்குனது எங்க பக்கம், எங்க லிமிட்" என்றார் அந்தப் பக்கத்துக்காரர். "கட்டி வெச்சி அடிச்சது எங்க லிமிட்" என்றார் எங்கள் பக்கத்துக்காரர். ஆள் கடத்தல் எங்கே ஆரம்பித்ததோ அங்கேயும் கேஸ் போடலாமாம், கடத்திக்கொண்டு போன இடத்திலும் போடலாமாம். அன்று மத்தியானத்துக்குள் இரண்டு ஸ்டேஷனிலும் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர்கள் பேசிக்கொண்டிருந்த கேஸில் என் தம்பி இல்லை என்று.

"சார், என் தம்பி கேஸு?" என்றேன்.

"ஏம்மா, கடல்ல நடந்ததுக்கு யாரு கண்டா? இது கண்ணு முன்னால கீதே" என்றார் எங்கள் பக்கத்து அதிகாரி.

இடத்தைப் பார்த்து வரைபடம் போட ஒரு போலீஸ்காரர் அளவு நாடாவோடு வந்தார். வரப்பு, மடை, அவனை இழுத்துக்கொண்டு வந்த வழி, கொட்டகை, குழாய். வடக்கு எது தெற்கு எது என்று கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வேலையில் சுத்தமான ஆள், ஓர் அடிகூடத் தப்பாகப் போடவில்லை.

இரண்டு கேஸிலும் முதல் எதிரி நான். இரண்டாம் எதிரி என் வீட்டுக்காரர். மூன்றாம் எதிரி சித்தப்பா மகன். பதினெட்டு நாள் உள்ளே இருந்தேன். ஜாமீனில் வந்ததும் வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அவன் இருக்கற இடத்துக்குச் சட்டம் போகணும்னுதானேம்மா சொன்னேன். ஒங்க இடத்துக்கு அவனை இழுத்துகினு வரச் சொன்னேனா? வரப்புக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் இந்தியாவுலதானே இருந்தான்?"

இந்தியா என்கிற ஓர் இடம் இருப்பதே என் நினைவில் இல்லை.

"வீடியோ இருக்குதே சார், ஒத்துகினானே?"

"அடிச்சி வாங்குனதும்மா. அவன் கொன்னான்றதுக்கு அது சாட்சி ஆகாது. நீங்க அடிச்சீங்கன்றதுக்கு அதைவிட நல்ல சாட்சி கெடைக்காது."

அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் நாங்கள் போடவிருந்த மனுவையும் அவர் பிற்பாடு போட்டார். அவன் பக்கத்து வக்கீல் எழுந்து, மனுதாரர்தான் என் கட்சிக்காரரைக் கடத்திச் சித்திரவதை செய்தவர், தன் கேஸிலிருந்து தப்பிக்க இந்தக் கதையைக் கட்டுகிறார் என்று சொன்னார். என் வீடியோவையே போட்டுக் காட்டினார். மனு தள்ளுபடியானது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள், எனக்கு அந்தக் குரங்குகூட மிஞ்சவில்லை. சாட்சி சொல்கிறேன் என்ற மலையாளிச் சமையல்காரருக்குப் போன் போட்டால் கப்பலுக்குப் போய்விட்டார் என்று அவர் மனைவி சொன்னார். எந்தக் கப்பல், எப்போது வருவார் என்று சொல்லவில்லை. டெல்லிக்கு அனுப்பிய மனு பரிசீலனையில் இருப்பதாக இரண்டு கடிதம் வந்திருக்கிறது.

எங்கள் மேல் போட்ட கேஸ் மட்டும் நன்றாக நடக்கிறது. மாதம் ஒருமுறை வாய்தா. புகார் கொடுத்தவன் அவன், முதல் சாட்சியும் அவன். இரண்டு முறை வந்தான். கண்ணுக்கு மேலே தழும்பு. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டும்போது, பழக்கதோஷத்தில், "நல்லா கீறியாக்கா?" என்றான். அதற்குப் பிறகு வரவில்லை. சம்மன் திரும்பி வந்துவிட்டது. சாட்சி கப்பலில் இருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னார். ஒவ்வொரு மாதமும் அதையே சொல்கிறார். அவன் வந்து சாட்சி சொல்கிறவரைக்கும் எங்கள் கேஸ் முடியாது. அவன் கடலில் இருக்கிறான், நாங்கள் வராண்டாவில் இருக்கிறோம்.

அம்மாவும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள். தம்பியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வருவாள். நடப்பது மகன் கேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டு நாங்கள் கூண்டுப் பக்கம் போய் நிற்கும்போது, சாட்சி சொல்லப் போகிறோம் என்று நினைத்து அவளும் எழுந்து கைகூப்பி நிற்பாள். போன மாதம் வாய்தா தள்ளிப்போனதும் வெளியே வந்து, "அந்தக் கொலகாரன் வராம எம் புள்ள கேஸை எப்டி நடத்துவாங்க? ஒரு வார்த்தை அந்த ஐயாகிட்ட நான் பேசறன், என்னை உள்ள வுடச் சொல்லு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். வெயில். பசி. அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

"அது ஒம் புள்ள கேஸு இல்லம்மா. எங்க மேல போட்ட கேஸு. அவனைக் கட்டி வெச்சி அடிச்சதுக்கு."

அம்மா கையை விட்டாள்.

"அப்ப எம் புள்ளைக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போட்டோவை எடுத்துப் பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்தாள். அப்புறம், கடையில் விலை கேட்கிற குரலில் என்னைக் கேட்டாள்.

"கட்டித்தான வெச்சிருந்தீங்க? கேஸு எப்டியும் போட்டுட்டாங்க. அங்கயே முடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

நானும் ஒவ்வொரு வாய்தாவிலும் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.